முழங்கால் தண்ணீரில் அந்தரத்தில் படகு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் கார்களின் நம்பர் பலகைகூட ‘10,000 ஏரிகள்’ என்று பீற்றிக்கொள்கிறது. அது அடக்கமான கணக்கு. 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளே 11,842. அவற்றில் ஒன்றான மில் லாக்ஸ், மினியாபொலிஸ் நகருக்கு வடக்கே சுமார் 160 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பரப்பு 500 சதுர கி.மீ.க்கும் மேல். ‘கடலோ’ என்று மலைக்க வைக்கும். ஆனால் மிக ஆழமான இடத்திலும் 13 மீட்டர்தான்.

இங்கே கோடையில் படகுகள் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். கட்டிப்போட்டால் அலை மோதி உடைக்கும், அடிப்பாகத்தில் பாசி பிடிக்கும். அதனால் கரையோர வீடுகளில் போட் லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். நான்கு கால்கள், நடுவே படகைத் தாங்கும் தொட்டில், சுழற்ற ஒரு சக்கரம்.

வாங்குவது சுலபமல்ல. படகு எவ்வளவு முழுகும் என்பதோடு, இறக்கிய தொட்டிலின் உயரத்தையும் கூட்டினால்தான் தேவையான ஆழம் தெரியும். அதையும் தண்ணீர் வற்றும் கோடைக் கடைசியில் அளக்கவேண்டும். கம்பி வடத்தால் நேராக மேலே இழுக்கும் ரகம் உயரத் தூக்கும், நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்துக்கு ஏற்றது. ஆனால் ஆழம் வேண்டும். சாய்ந்து எழும் கைகள் கொண்ட ரகமும், கைகள் தரையோடு படிந்துவிடும் ஹைட்ராலிக் ரகமும்தான் ஆழம் குறைந்த கரைக்குத் தோது. விளம்பரத்தில் போட்டிருக்கும் படகின் எடையையும் நம்பக்கூடாது. எஞ்சின், பேட்டரி, பெட்ரோல் எல்லாம் தனி. 100 லிட்டர் பெட்ரோலே 70 கிலோவுக்கு மேல்.

பூட்டுவதிலும் நுணுக்கம் உண்டு. சேற்றுத் தரையில் கால் புதையாமலிருக்க அகலத் தகடு வேண்டும். நான்கு கால்களையும் ரசமட்டம் வைத்துச் சமன் செய்யவேண்டும். தூக்கியபின் படகின் அடித்தக்கையைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால், ஒரு பெருமழை போதும், படகு தொட்டியாகி லிஃப்டையே முறித்துவிடும்.

குளிர்காலத்துக்குமுன் எல்லாவற்றையும் கரையேற்றியாக வேண்டும். உறைந்த ஏரி இரும்பையும் வளைக்கும். 2013 மே மாதம் காற்று தள்ளிவந்த பனிப்பாளங்கள் கரை தாண்டி வீடுகளுக்குள்ளேயே புகுந்தன.

இப்போது பனியைவிடப் பெரிய பயம், விரல் நகமளவு சிப்பி. ஐரோப்பா-ஆசிய எல்லையிலிருந்து வந்த வரிக்குதிரைச் சிப்பி 1989-ல் டுலூத் துறைமுகத்தில் தென்பட்டது. 2005-ல் மில் லாக்ஸில். லிஃப்டின் கால்களில் அப்பிக்கொள்ளும். ஏரி நீரை வடிகட்டித் தெளிய வைத்துவிடும். மங்கலான நீரை விரும்பும் வால்ஐ மீனுக்கு அது ஆகாது. வால்ஐ குறைந்ததற்குக் காரணங்கள் பல சொல்கிறார்கள். ஆனால் 2016 கோடையில், பிடித்த வால்ஐயைத் திரும்ப ஏரியில் விடவேண்டும் என்று உத்தரவே வந்தது. அந்த மீனை நம்பித்தான் இங்கே விடுதிகள் பிழைக்கின்றன.

எனவே மாநிலச் சட்டம் கறாராக இருக்கிறது: ஒரு ஏரியிலிருந்து எடுத்த லிஃப்டை 21 நாள் காயவைத்த பிறகே இன்னொரு ஏரியில் இறக்கலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய லிஃப்ட் வாங்குபவர்கள் விலை கேட்பதற்குமுன் கேட்கவேண்டியது, ‘எந்த ஏரியில் நின்றது?’ என்பதைத்தான்.