ஆறப் பொறுத்தல்

கிளிநொச்சி நகருக்கு மேற்கே, நெல்வயல்களின் நடுவே அமைந்த பழம்பதி உருத்திரபுரம். உருத்திரபுரீசுவரர் எழுந்தருளியிருக்கும் அவ்வூரிலே கண்ணைக் கவர்வது கோயில் மட்டுமன்று. இரணைமடுக் குளத்து நீரைக் கொணரும் வாய்க்கால்களும் ஆம். கனகராயன் ஆற்று நீரைத் தேக்கும் அக்குளம் பலர்க்கும் பொது. சிறுபோகத்துக்கு எவ்வளவு நிலம் விதைப்பது, நீரை எப்போது திறப்பது என்பன கமக்காரர் கூடும் கூட்டத்திலே முடிவாகின்றன. முறை தவறி ஒருவர் மடையைத் திறப்பாராயின் வாய்க்காலின் கடைசி வயல் காயும். பொதுப்பொருளை ஆளும் இவ்வொழுக்கம் நீருக்கு மட்டுமா? நெருப்புக்கும் உரியதன்றோ?

அதனை நினைப்பூட்டும் இடமொன்று மன்னார்ப் பெருநிலத்தே உளது. பரந்தன்–பூநகரி வீதியாற் சென்று, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை வழியே தெற்கு நோக்கினால் மாந்தையை அடையலாம். திருக்கேதீச்சரம் விளங்கும் இப்பண்டைத் துறைமுகத்தில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் நிகழ்த்திய அகழாய்வில், பிறநாட்டுப் பண்டங்களோடு சிறு கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டன. புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டைப் போல இங்கும் மணி செய்தனர் என்பது ஆய்வாளர் கருத்து. ஆந்திரப் பிரதேசத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் அக்கைத்தொழில் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் நடந்துவந்தது. உருகிய கண்ணாடியை உலையினின்றும் நீண்ட குழலாக இழுத்து, ஆறியபின் துணித்து, சாம்பலோடு மீண்டும் சூடாக்கி முனைகளை மழுக்குவர். ஓர் உலையைச் சூழப் பலர். ஒருவர் கை பிழைத்தால் அனைவர்க்கும் இடர்.

இக்காலத்தே அவ்வுலையின் இடத்தில் மின்சூளை வந்துள்ளது. கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, ஏறத்தாழ 800 பாகை செல்சியசில் உருக்கி இணைக்கும் அச்சூளையை ஒரு பட்டறையில் மாணவர் பலர் சேர்ந்து ஆளுங்கால் அறியவேண்டியன சில உள. கண்ணாடிகள் ஒரே வகையாயிருத்தல் வேண்டும்; வெப்பத்தால் விரியும் அளவு வேறுபட்டால், இணைந்தவை ஆறும்போது வெடிக்கும். செயற்கை இழையாடை உருகி உடலில் ஒட்டும். ஆதலாற் பருத்தி உடுத்துக. தட்டிற் பூசிய வெண்பொடியைச் சுரண்டும்போது முகமூடி அணிக. தூசியை ஈரத்துணியால் துடைத்திடுக. சூளையினுட் கையிடுமுன் மின்னாளியை நிறுத்துக. சூளையை ஏற்றியவர் பெயர், தொடங்கிய நேரம், திறக்கத்தகும் நேரம் ஆகிய மூன்றும் அருகே எழுதப்பட்டிருக்கட்டும்.

இவற்றுள் தலையாயது இறுதியிற் கூறிய நேரமே. சூளை தகிக்கும்போது எவரும் அஞ்சுவர். மின்னை நிறுத்தியபின் அஞ்சுவார் அரியர். ஆனால் சுடுகின்ற கண்ணாடிக்கும் குளிர்ந்த கண்ணாடிக்கும் கண்ணளவில் வேற்றுமை தெரியாது; தொட்ட விரலே அறியும். அன்றியும், 500 பாகையளவிற் சிறிதுநேரம் நிறுத்திப் பின்னர் மெல்ல ஆறவிடாவிடின், புறம் முந்தியும் அகம் பிந்தியும் இறுகி, உள்ளே இழுவிசை தங்கிவிடும். பலநாள் கழித்தும் அப்பொருள் தானே பிளக்கலாம். தன் வேலையைக் காணும் ஆவலால் ஒருவர் மூடியைத் திறந்தால், உடனிருந்தோர் பொருள்களும் பாழாகும்.

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கலாகாதா என்பது நம்மவர் பழமொழி. நீர்முறை வரும்வரை வரம்பிலே காத்து நிற்கும் உருத்திரபுரத்துக் கமக்காரருக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சூளையடியில் நிற்கும் மாணவர்தாம் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.