டெட் ஸ்டாக்

பாங்குகளில் மேஜை, நாற்காலி, இரும்பு பீரோ, மின்விசிறி இவற்றுக்கென்று தனியாக ஒரு பேரேடு உண்டு. டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர் என்று பெயர். வாங்கிய தேதி, விலை, வருஷா வருஷம் கழிக்கிற தேய்மானம் என்று போய்க்கொண்டே இருந்து கடைசியில் சாமானின் மதிப்பு ஒரு ரூபாய் என்று நிற்கும். அதற்குக் கீழே இறங்காது. சாமான் இன்னும் இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு ரூபாய் சாட்சி. எங்கள் பெண்ணுக்காகவும், அவள் பிறக்குமுன் அவள் அம்மாவுக்காகவும் வாங்கியவற்றை அதே கட்டங்கள் போட்டு ஒரு தாளில் எழுதிப் பார்த்திருக்கிறேன். நாற்பத்தேழு உருப்படிகள். இருபத்திரண்டு, ஒரு தடவைகூட உபயோகப்படாதவை. ஒன்பது, ஒரே ஒரு தடவை.

இதை எழுதுவதற்கு இந்தப் பத்திரிகையில் இடம் உண்டா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நாம் எதை வாங்குகிறோம் என்பது நாம் எதை எழுதுகிறோம் என்பதைவிடக் குறைவாகப் பொய் சொல்லும் என்பது என் அபிப்பிராயம்.

பட்டியலில் பெரும்பாலானவை பேசத் தகுதியற்றவை. ஆளை வளைத்துக்கொள்கிற நீளத் தலையணை ஒன்று. அரியாங்குப்பத்துப் புழுக்கத்தில் ஒரு இரவு தாக்குப்பிடித்தது. வயிற்றுக் கோடுகளை அழிக்கும் களிம்பு. கோடுகள் அப்படியே இருக்கின்றன. பவுடர் டப்பா, மூச்சில் போகும், வேண்டாம் என்று குழந்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள், ஆனாலும் யார் குழந்தை பார்க்க வந்தாலும் கையில் அதுதான்.

பால் பாட்டில்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்கு பாட்டில்கள், அவற்றை ஆவியில் வைத்துச் சுத்தம் செய்ய ஒரு மின்சாரப் பாத்திரம், பாலை வெதுவெதுப்பாக்க இன்னொன்று. அட்டைப் பெட்டியைவிட்டு எதுவும் வெளியே வரவில்லை. தாய்ப்பாலே போதுமானதாக இருந்தது. இந்தப் பாட்டிலுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. பிரிட்டனில் வார் ஆன் வாண்ட் என்ற அமைப்பு 1974-ல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டது. ஏழை நாடுகளில் பால்மாவு விற்கப்படுகிற லட்சணத்தைப் பற்றியது. ஒரு டப்பாவை நிறைய நாள் வரச்செய்ய மாவைக் குறைத்து, அசுத்தமான நீரை அதிகம் விட்டுக் கரைக்கிறார்கள், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, அதற்குள் குழந்தை சப்பாத மார்பில் பாலும் வற்றிவிடுகிறது, திரும்பிப் போக வழியில்லை. 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே சரக்குகளைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் விற்பனை நெறிமுறை ஒன்றை ஏற்றது. இந்தியாவில் 1992-ல் சட்டம் வந்து 2003-ல் திருத்தி இறுக்கப்பட்டது. பால்மாவையோ பாட்டிலையோ பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது. டப்பாவின் மேல் குழந்தை படம் போடக் கூடாது, தாய் படம் போடக் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவே சொல்ல வேண்டும். தன்னைவிட இன்னொன்று உயர்ந்தது என்று தன் நெற்றியிலேயே எழுதிக்கொள்ள விதிக்கப்பட்ட சரக்கு. நம் கவிதைத் தொகுதிகளுக்கு இப்படி ஒரு சட்டம் இருந்தால் நன்றாயிருக்கும்.

இருந்தும் நான்கு பாட்டில் வீட்டுக்கு வந்தது எப்படி? விளம்பரத்தைத் தடுத்த இடத்தில் பட்டியல் வந்து உட்கார்ந்துகொண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டியவை, முதல் மூன்று மாதத்துக்கு வேண்டியவை, மறக்கக் கூடாதவை. சிநேகிதியின் சிநேகிதி போனில் அனுப்புகிறாள். பட்டியல் எதையும் விற்பதில்லை. அது 'ஒருவேளை' என்ற ஒரு சொல்லைத்தான் சொல்கிறது. ஒருவேளை பால் சுரக்காவிட்டால்? ஒருவேளை நடுராத்திரி ஆகிவிட்டால்? மசக்கையும் வலியும் அவளுக்கு. ஆண்பிள்ளைக்கு அந்த ஒன்பது மாதத்தில் சரீரத்தால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஒருவேளைக்குப் பதில் சொல்ல அவனிடம் இருப்பது சம்பளம்தான்.

கிரைப் வாட்டர் விஷயம் வேறு மாதிரி. 1851-ல் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்கிற மருந்துக்காரர் தயாரித்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, ஆல்கஹால். குழந்தை ஏன் சமாதானமடைந்தது என்பதற்குக் கடைசிப் பொருளே விளக்கம். இப்போது ஆல்கஹால் இல்லை. நம்மிடையே அதை நிலைநிறுத்தியது ஒரு விளம்பரம். குழந்தை அழுகிறது, தாய் தன் தாயைக் கேட்கிறாள், அவள் தன் தாயைச் சுட்டுகிறாள், இப்படிப் பாட்டிகளின் வரிசை பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். மரபு என்பது பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதிச் சண்டை போட்டிருக்கிறோம். அந்த அரை நிமிஷத்தில் இருக்கிற அளவு நம்பிக்கையூட்டும் மரபு நம் கட்டுரை எதிலும் இல்லை. நிஜம் என்னவென்றால், பச்சைக் குழந்தையின் காரணம் தெரியாத அழுகை மூன்று நான்கு மாதத்தில் தானாகவே நின்றுவிடும். அப்போது கையில் எந்த பாட்டில் இருந்ததோ அதற்குப் பெயர்.

இந்த இடத்தில் நம் நண்பர்கள் 'நுகர்வுக் கலாசாரம்' என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். எனக்கு அது போதவில்லை. என் தாளில் குங்குமப்பூ இருக்கிறது. பாலில் போட்டுக் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதற்காக உறவினர் வாங்கிக்கொடுத்தது. நிறத்தைப் பற்றிய நம் வெட்கங்கெட்ட ஆசையை எந்த வெள்ளைக்காரக் கம்பெனியும் நமக்குள் புதிதாக நட வேண்டியிருக்கவில்லை. தலை உருண்டையாக வர கடுகு அடைத்த தலையணை இருக்கிறது. நாட்டு மருந்துக் கடை வசம்பு இருக்கிறது. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர், ராத்திரியில் அந்தப் பெயரையும் சொல்லக் கூடாது, 'பேர் சொல்லாதது' என்று கேட்டு வாங்க வேண்டும். பச்சைக் குழந்தைக்கு உள்ளே கொடுத்தால் அது மருந்தல்ல, ஆபத்து. பயத்தை விற்பது பெரிய கடைகள் கண்டுபிடித்த தொழில் இல்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவது காப்பு. தெய்வங்களைக் கூப்பிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் செங்கீரைக்கே போகிறான் கவி. ஆண்பாலில் கடைசிப் பருவம் சிறுதேர். தேர் உருட்டுகிற குழந்தை தன் காலில் நிற்கிறது. நடைவண்டியும் அப்படித்தான். சக்கரம் வைத்த வளையத்துக்குள் குழந்தையைத் தொங்கவிடுகிற வாக்கரில் கால் தரையை உதைப்பதோடு சரி, நடை வராது. மாடிப்படியில் உருண்டு விழுந்த குழந்தைகள் அதிகமாகி கனடா 2004-ல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. இங்கே அது பிறந்தநாள் பரிசு.

ஆனால் காப்பு பாடிய அதே சமூகம், குழந்தை பிறக்குமுன் அதற்கென்று எதையும் வாங்கக் கூடாது என்றும் விதித்திருந்தது. தொட்டில் வாங்கக் கூடாது, சட்டை தைக்கக் கூடாது, பெயர் யோசித்தாலும் வெளியே சொல்லக் கூடாது. வளைகாப்பில் வளையல் அடுக்குவதுகூடத் தாய்க்குத்தான், குழந்தைக்கு ஒன்றுமில்லை. பிறந்த பிறகு தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுவார்கள். பலமுறை துவைத்து நைந்த வேட்டியைவிடப் பச்சை உடம்புக்கு இதமான துணி கிடையாது என்பது வேறு விஷயம். விதியின் காரணம் மென்மை அல்ல, எண்ணிக்கை. மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 1971-ல் இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்கு 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் செத்துப்போயின. 2020-ல் அது 28. அதற்கு முந்தைய தலைமுறைகளின் கணக்கை எடுக்கவே தேவையில்லை, ஒவ்வொரு பாட்டிக்கும் தெரியும். வராத குழந்தையின் சட்டை வீட்டில் கிடக்கக் கூடாது. இவ்வளவுதான் அந்த சாஸ்திரம்.

நாங்கள் அந்த விதிக்குக் கட்டுப்பட்டே இருந்திருக்கிறோம். இந்தப் பெண்ணுக்கு இரண்டு வருஷம் முந்தி ஒன்று வந்து ஐந்தாம் மாதத்தில் போயிற்று. அதற்காக எதுவும் வாங்கியிருக்கவில்லை. விதி தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் எடுத்து மறைக்க ஒரு துணிகூட இல்லை. அதுதான் சகிக்க முடியாததாக இருந்தது என்று என் மனைவி பின்னால் சொன்னாள். என்ன போயிற்று என்று காட்டுவதற்கு ஒன்றுமில்லை. வந்தவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அடுத்தது நல்லபடியாக வரும் என்று சொல்லிவிட்டு காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அரிக்கமேடு. 1930-களில் ழூவோ துப்ரேய் அங்கே மண்ணில் கிடைத்த மணிகளை ஊர்ச் சிறுவர்களிடம் காசு கொடுத்து வாங்கினார். 1945-ல் வீலர் வந்து தோண்டி, ரோமானியப் பாண்ட ஓடுகளை வைத்து ஊருக்குக் காலம் நிர்ணயித்தார். அந்த ஊர் ஜனங்கள் தின்ற சோறும் கட்டிய துணியும், அதாவது அவசியமானவை, அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. கழுத்தில் போட்டுக்கொண்ட கண்ணாடி மணி மிஞ்சியிருக்கிறது.

அவளிடம் மிஞ்சியது ஃபோலிக் ஆசிட் மாத்திரை அட்டை ஒன்று, நான்கு மாத்திரை பாக்கியோடு. அதை அலமாரி இழுப்பறையில் வைத்திருக்கிறாள். பட்டியல்களில் வரும் எல்லாவற்றிலும் சந்தேகத்துக்கிடமின்றி அவசியமானது அதுதான். 1991-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, முன்பே முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு கரு உண்டான தாய்மார்களிடம் அந்தக் குறை திரும்பவும் வராமல் சுமார் முக்கால்வாசி தடுக்கிறது என்று காட்டியது. விலை அற்பம், சர்க்கார் ஆஸ்பத்திரியில் அதுவும் இல்லை. எங்கள் விஷயத்தில் காரணம் என்னவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

அடுத்தது உண்டாகி இரண்டாம் மாதம், நேரு வீதியில் ஒரு கடையில் அவள் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை வாங்கினாள். சிவப்பு, கட்டைவிரல் அளவு. தை மாதத்திலும் ஸ்வெட்டர் தேவைப்படாத ஊர் இது. குழந்தை பிறக்கப்போவதோ அக்கினி நட்சத்திரத்தில். என் மாமியார் பார்த்துவிட்டுப் பதறிப்போனாள்.

"ஏன்டி, இன்னும் ரெண்டு மாசம் முழுசா முடியல. வீட்டுல கொண்டாந்து வைக்கலாமா இதை?"

"போன தடவ ஒண்ணும் வைக்கலியே அம்மா."

மாமியார் என்னைப் பார்த்தாள். "மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க." நான் சொல்லவில்லை. என் தாளில் அந்தக் காலுறைக்கு உபயோகம் என்ற கட்டத்தில் கோடுதான் போட்டிருக்கிறேன். ஆனால் பால் பாட்டிலோடு அதை ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பாட்டிலை வாங்க வைத்தது ஒருவேளை. இது ஒருவேளைக்கு எதிராக வாங்கியது. பணக் கணக்கில் இரண்டும் வீண் என்பதை மறுக்கவில்லை. விமர்சனம் என்று நாம் செய்கிற காரியம் இந்த இரண்டு வீணையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் அதற்கு பாங்கு கணக்கே தேவலை.

அரசாங்கங்களும் பட்டியல் போடுகின்றன. 1938-லிருந்து பின்லாந்தில் ஏழைத் தாய்மார்களுக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். 1949-லிருந்து எல்லாத் தாய்மாருக்கும். உள்ளே உடுப்புகள், போர்வை, ஒரு சிறு மெத்தை. சாமான்களை எடுத்துவிட்டால் அட்டைப் பெட்டியே குழந்தையின் முதல் படுக்கை. நான்காம் மாதம் முடிவதற்குள் ஒரு தடவை வைத்தியரிடம் காட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பின்னால் அதிலிருந்து பால் பாட்டிலை எடுத்துவிட்டார்கள், தாய்ப்பாலுக்கு இடைஞ்சல் என்று. நல்ல எடிட்டிங். தமிழ்நாட்டில் 2015-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்காக ஜெயலலிதா தொடங்கிய அம்மா பெட்டகத்தில் பதினாறு பொருள்கள். துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, நகவெட்டி, எண்ணெய், சோப்பு, கிலுகிலுப்பை, ஒரு பொம்மை, தாய்க்கு சௌபாக்ய சுண்டி லேகியம் என்று போகிறது. பால்மாவு இல்லை, பாட்டில் இல்லை. கிலுகிலுப்பை இருக்கிறது. ஒரு சர்க்கார் குமாஸ்தா எங்கேயோ உட்கார்ந்து கிலுகிலுப்பையை அவசியப் பொருள் என்று குறிப்பெழுதி அனுமதி வாங்கியிருக்கிறான் என்பதில் எனக்கு சந்தோஷம் உண்டு.

ஒரு வித்தியாசம். பின்லாந்துக்காரன் பிறக்குமுன்பே கொடுத்துவிடுகிறான். நம் பெட்டகம் பிரசவம் ஆன பிறகுதான் கைக்கு வரும். அதிகாரிகள் யோசித்துச் செய்தார்களோ இல்லையோ, பாட்டிகளின் விதியை அரசாங்கமும் மீறவில்லை.

மச்சினிக்குக் கடலூரில் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமானபோது அந்தப் பெட்டகம் வந்தது. எல்லோருமாகப் பிரித்துப் பார்த்தார்கள். கொசுவலை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. என் மனைவி ஒவ்வொன்றாக எடுத்துப் படுக்கையில் அடுக்கிவிட்டு, "மொத மாத்திரை அட்டை குடுக்கறப்பவே இதையும் சேத்துக் குடுத்துடலாம்" என்றாள்.

"சும்மா இருடி" என்றாள் அவள் அம்மா.