அக்குறணையில் ஒரு சைனீஸ் குசினி

பிரைட் ரைஸுக்கான சோறு காலையிலேயே வெந்துவிடுகிறது. அக்குறணையில் ஏ9 வீதியோரம் உள்ள சின்னச் சைனீஸ் சாப்பாட்டுக் கடை ஒன்றின் குசினிக்குள் நான் நுழைந்தபோது, பாஸ்மதிச் சோறு அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பப்பட்டு மின்விசிறிக் காற்றில் ஆறிக்கொண்டிருந்தது. தலைமைக் கோக்கி ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"இன்னும் சூடு ஈக்கி தம்பி. இப்ப போட்டா கஞ்சிதான்."

குளிரக் குளிரச் சோற்றின் மாச்சத்து இறுகுகிறது. அப்படி இறுகிய பருக்கைதான் தாச்சியில் விழும் அடியைத் தாங்கி உதிரியாக நிற்கும். அதற்காக வெளியே கிடக்கவும் விட முடியாது. வெந்த சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமியின் நச்சு, மறுபடி எவ்வளவு வறுத்தாலும் அழியாது. ஆறியதும் தட்டுகள் நேரே குளிர்சாதனப் பெட்டிக்குள் போயின.

உண்மையான வேலை மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகுதான். பெரிய பேர்னர் இரைய ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. எண்ணெய் புகையும் வரை தாச்சி காய வேண்டும். முதலில் முட்டை, அது முழுதாக இறுகுமுன் சோறு, பிறகு கரட்டும் லீக்ஸும், ஓரத்தில் சுற்றிவரச் சோயா சோஸ். சோஸ் சோற்றின் மேல் விழாமல் இரும்பில் விழுந்து ஒரு கணம் கருகினால்தான் அந்த மணம் வரும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் அவர் போடுவதில்லை. சோறு கூடினால் தாச்சி குளிர்ந்துவிடும். அப்புறம் அது வறுபடாது, அவியும். கடை நிறைந்து ஆட்கள் காத்திருந்த நேரத்திலும் அவர் இந்தக் கணக்கை மாற்றவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

லீக்ஸ் நுவரெலியாப் பக்கத்து மரக்கறி. சீனாவில் வெங்காயத்தாள் போடும் இடத்தில் இலங்கைச் சைனீஸ் லீக்ஸைப் போட்டுக்கொண்டது. டெவல் சிக்கனோ முழுக்க இங்கே பிறந்ததுதான். சோளமா தடவிப் பொரித்த கோழித் துண்டுகள், பெரிய வெங்காயம், கறிமிளகாய், தக்காளி, மேலே இடித்த கொச்சிக்காய். சீனர் ஒருவருக்கு இது அந்நியமாகத் தெரியலாம். அதனால் இதைப் போலி என்று தள்ளுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

பன்றிக்கொழுப்பும் சமையல் வைனும் இல்லாமல் சைனீஸ் ஏது என்றும் கேட்கிறார்கள். சீன முஸ்லிம்களுக்குப் பல நூற்றாண்டுகளாகத் தனி ஹலால் சமையல் மரபு உண்டு. 1409ஆம் ஆண்டுத் தேதியோடு காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைக் கொண்டுவந்த கடற்படைத் தளபதி செங் ஹ, யுனான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கல்லில் சீனத்தோடு தமிழும் பாரசீகமும் உண்டு. தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊரில் ஹலால் சைனீஸ் வேகுவதில் எனக்கு எந்த விநோதமும் தெரியவில்லை.

2022இல் சமையல் எரிவாயு கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது இங்கே விறகில் சமைத்திருக்கிறார்கள். "நெருப்பக் கூட்டுறது லேசு. நெனச்ச நேரம் கொறைக்க ஏலாதே, அதுதான் பாடு" என்றார் கோக்கி. பிங்கா ஓயா பெருகிக் கடைத்தெருவுக்குள் தண்ணீர் புகுவது இந்த ஊருக்குப் பழக்கமான துன்பம். அரிசி மூட்டைகள் ஆள் உயரத் தட்டில் இருப்பது அதனால்தான்.

தேத்தண்ணி சாப்பாடு முடிந்த பிறகே வருகிறது. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பின் இதைவிட இதமான ஒன்றை நான் குடித்ததில்லை. சீனாவில் பச்சைத் தேயிலையைப் பெரும்பாலும் சூடான இரும்புத் தாச்சியில் புரட்டித்தான் கறுக்காமல் காக்கிறார்கள். நாம் இலையை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்திக் கறுப்பாக்குகிறோம். 1824இல் பேராதனைப் பூங்காவுக்குச் சீனாவிலிருந்து தேயிலைச் செடி வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராக்கினார். இரண்டு இடங்களும் அக்குறணை இருக்கும் இதே கண்டி மாவட்டத்தில்தான். அன்றிலிருந்து அந்தக் கொழுந்தைப் பறித்து வருவது பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். கோப்பைக்குள் இருப்பதில் பெரும்பங்கு அவர்கள் உழைப்பு.

குசினி உழைப்பும் அப்படித்தான் கண்ணில் படாமல் போகிறது. கோக்கியின் முன்கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்புகள். பதினேழு பதினெட்டு வயதில் வெங்காயம் உரிக்க வந்தவர், பார்த்துப் பார்த்தே தொழில் படித்தவர். வளைகுடாவில் வேலைக்குக் கேட்டபோது காட்டுவதற்குக் கையில் ஒரு தாளும் இருக்கவில்லை. இலங்கையின் தேசிய தொழிற்தகைமை முறையில், பள்ளியில் படிக்காமல் அனுபவத்தால் கற்றவரையும் பரீட்சித்துச் சான்றிதழ் தரும் வழி உண்டு; சமையற்காரருக்கும் உண்டு. அதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. விண்ணப்ப விவரத்தை எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர், உதவிக்கு நின்ற பையனைக் கூப்பிட்டு, "இவனுக்கும் ஒண்டு எழுதுங்கோ" என்றார்.