பம்முக்கு என்ன எண்ணெய் விடுறது?

2022. பெற்றோல் வரிசை எங்கட சந்தியையும் தாண்டி நீண்டுகொண்டிருந்த காலம். மோட்டர்சைக்கிளை விறாந்தையில் நிப்பாட்டிவிட்டு எல்லாரும் பழைய சைக்கிள்களை வெளியில் எடுத்தோம். சனசமூக நிலையத்தின் மூலையில் கிடந்த பம்மை வாசலில் கொண்டுவந்து வைத்து, "ஆரும் காத்தடிக்கலாம், காசில்லை" எண்டு ஒரு மட்டையில் எழுதிக் கட்டிவிட்டோம்.

முதல் கிழமையே பம் கறகறவெண்டு கத்தத் தொடங்கியது. எண்ணெய் விட்டால் சரி எண்டு நினைத்தோம். என்ன எண்ணெய் எண்டு யோசிக்கவில்லை. கைக்கு எட்டினது குசினித் தேங்காயெண்ணெய். (அப்ப அது விற்ற விலைக்கு, அம்மாமாருக்குச் சொல்லவேயில்லை.) கொஞ்ச நாளில் அது புழுதியோடு சேர்ந்து பிசுபிசுத்து, கைபிடியை இழுக்கவே கஷ்டமாகிவிட்டது. அதைக் கழுவ ஒரு மூடி மண்ணெண்ணெய் விட்டோம். கம்பி பளபளத்தது. சத்தமும் இல்லை. காத்தும் இல்லை.

அது எங்களுக்குத் தெரியவந்தது ஓ.எல். சோதனை நாளில். காலமை ஏழு மணிக்கு ஒரு பெடியன் பின் ரயர் இறங்கின சைக்கிளோடு வந்து நிண்டான். மாறி மாறி அடித்தோம். ரயர் சப்பையாகவே கிடந்தது. கடைசியில் எங்கட சைக்கிள் ஒன்றைக் கொடுத்து அனுப்பினோம். "இஞ்ச பம் இருக்கெண்டு நம்பித்தான் அண்ணை வந்தனான்" எண்டுவிட்டுத்தான் ஏறினான்.

பின்னேரம் பம்மைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடை ஐயாவிடம் போனோம்.

"இதுக்கு என்ன எண்ணெய் நல்லம் ஐயா?"

"உள்ளுக்க என்ன வாசர் கிடக்கு?"

ஒருத்தருக்கும் தெரியாது. அவர் மூடியைத் திருகிக் கம்பியை உருவினார். நுனியில் கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாசர், காய்ஞ்ச ஒடியல் போல. கம்பியை அமத்தும்போது அந்தத் தோல் விரிந்து குழாயின் சுவரோடு ஒட்டவேணும். இழுக்கும்போது சுருங்கிக் காத்தை உள்ளே விடவேணும். அதில் ஊறியிருந்த எண்ணெயை மண்ணெண்ணெய் கழுவிக்கொண்டு போய்விட்டது. தோல் விறைத்து, காத்து ஓரத்தால் தப்பியிருக்கிறது.

ஐயா எடுத்தது விளக்கெண்ணெய். பேதிக்குக் குடுப்பினமே, அதேதான். தடிப்பான எண்ணெய், தோலை மெதுவாக்கும். இரவு முழுக்க வாசரை ஊறவிட்டு, விளிம்பை விரலால் விரித்து, வழியிறதைத் துடைத்துவிட்டுப் பூட்டச் சொன்னார். மிச்ச எண்ணெய் காத்தோடு போய் ரியூப்பைப் பழுதாக்கவும் கூடுமாம். இப்ப வாற பம்களில் பெரும்பாலும் ரப்பர் வாசர்தான். அதுக்குச் சாதாரண கிறீஸ் பூசினால் சில ரப்பர் ஊதிப்போகும், சிலிக்கன் கிறீஸ் பூசுறது நல்லம்.

அடுத்தநாள் பம் அடித்தது. மட்டையில் இன்னொரு வரி சேர்த்தோம்: "தோல் வாசர். விளக்கெண்ணெய் மட்டும்."