காற்று மெத்தையில் கடல் கடந்தோம்

இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மத் துறைமுகத்தை ஒட்டி ஸவுத்ஸீ என்னும் கடற்கரை இருக்கிறது. எதிரே, ஸோலன்ட் என்ற குறுகிய கடலுக்கு அப்பால், வைட் தீவு பச்சைப் பசேலென்று படுத்திருக்கிறது. இடைத்தூரம் சுமார் 7 கிலோமீட்டர். கடப்பதற்குக் கப்பல்கள் உண்டு. ஆயினும், 1965-ஆம் ஆண்டு முதல் இங்கே ஓடிவரும் ஹோவர்கிராப்டில் ஏறாமல் திரும்புவதில்லை என்று நானும் என் மனைவியும் தீர்மானித்திருந்தோம்.

கப்பல் துறை என்று அங்கே ஒன்றுமில்லை. கடலை நோக்கிச் சரியும் ஒரு சிமெண்டுத் தளம், அவ்வளவே. தூரத்தில் வெள்ளைப் புகை போல நீர்த்திவலை தெரிந்தது. பிறகு பெரும் இரைச்சல். கடலில் வந்த அந்த ஊர்தி, கரை வந்ததைப் பொருட்படுத்தாமல், கூழாங்கற்களைக் கடந்து எங்கள் எதிரிலேயே ஏறி வந்துவிட்டது! உள்ளே விசிறியின் வேகம் குறைந்ததும் அடியிலிருந்த கறுப்பு ரப்பர்ப் பாவாடை சுருங்கிற்று. பாகன் சொற்கேட்டு யானை படுப்பது போல அது தரையில் அமர்ந்தது.

தேரோட்டம் பார்த்த நம்மவர்க்கு உராய்வைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. எத்தனை பேர் வடம் பிடித்தாலும் தேர் முதலில் அசைய மறுக்கும். அசைந்தபின் இழுப்பது எளிது. நிற்கும் பொருளுக்குள்ள உராய்வு நகரும் பொருளுக்குள்ளதைவிட அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம். தெருமுனையில் தேரைத் திருப்புவதும், ஓடும் தேரை நிறுத்துவதும் முட்டுக்கட்டையின் வேலை. அதாவது, அதே உராய்வின் வேலை. படகுக்கு வேறுவகைத் தடை. நீர் அதன் அடியைத் தழுவி இழுக்கிறது. போதாக்குறைக்கு, அது எழுப்பும் அலைகளுக்கும் அதன் சக்தியில் ஒரு பங்கு செலவாகிறது.

படகுக்கும் நீருக்கும் இடையே காற்றைப் புகுத்திவிட்டால் என்ன என்று சிந்தித்தவர் கிறிஸ்டோபர் காக்கெரல். இவர் படகு கட்டும் தொழில் நடத்திய பொறியியல் அறிஞர். 1955-இல் ஒரு பூனை உணவு டப்பாவைக் காப்பித்தூள் டப்பாவுக்குள் பொருத்தி, இரண்டுக்கும் நடுவே உள்ள வளைய இடுக்கின் வழியாகக் காற்றைச் செலுத்தி, சமையலறைத் தராசின் மீது அதன் அழுத்தத்தை அளந்தார். ஒரே துவாரத்தின் வழியே வரும் காற்றைவிட, ஓரத்தைச் சுற்றித் திரை போல் இறங்கும் காற்று அதிக எடையைத் தாங்கியது. கடற்படையார் இதை விமானம் என்றும், விமானப் படையார் படகு என்றும் கூறிக் கைவிரித்ததாக அவர் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டாம். எனினும், இதே வைட் தீவின் கௌஸ் நகரில் எஸ்.ஆர்.என்.1 என்னும் முதல் ஊர்தி உருவாயிற்று. 1959 ஜூலை 25-ஆம் நாள் அது காலேயிலிருந்து டோவருக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் கால்வாயைக் கடந்தது. ஊர்தியின் சமநிலை கெடாமலிருக்க, காக்கெரல் தாமே பாரக்கல்லாக மேல்தளத்தில் இங்குமங்கும் நகர்ந்துகொண்டிருந்தார். ரப்பர்ப் பாவாடை பின்னர் சேர்ந்தது. அது வந்திராவிட்டால் அலைமீது இந்த ஊர்தி பயன்பட்டிருக்காது என்பதே என் எண்ணம்.

இவ்வளவு எடையைக் காற்று தாங்குமா என்று என் மனைவி கேட்டாள். ஒரு கணக்குச் சொன்னேன். 25 டன் எடையுள்ள ஊர்திக்கு அடிப்பரப்பு 200 சதுர மீட்டர் என்று கொண்டால், சதுர மீட்டருக்கு 125 கிலோதான் சுமை. சாதாரண மனிதர் நிற்கையில் அவர் பாதம் மணலை அழுத்துவதில் இது பதினைந்தில் ஒரு பங்கு அளவே. அதனால்தான் சேற்றிலும் இது புதைவதில்லை. ஆனால் இந்தச் சௌகரியம் இலவசமன்று. நிற்கும் தேருக்குச் செலவில்லை. இதுவோ மிதக்க வேண்டுமானால் விசிறி ஓயாமல் சுழல வேண்டும், எண்ணெய் எரிய வேண்டும்.

புறப்பட்டோம். பின்புறப் பெரு விசிறிகள் தள்ள, கல் பாவாத சாலையில் பஸ் ஓடுவது போன்ற சிறு அதிர்வு. திரும்பும்போதுதான் வேறுபாடு புரிந்தது. மூக்கு ஒரு திசை பார்க்க, உடல் வேறு திசையில் வழுக்கிச் சென்றது. பற்றிக்கொள்ளப் பிடிமானமில்லை, முட்டுக்கட்டை போடச் சக்கரமும் இல்லை. விசிறிக் காற்றில் நிற்கும் சுக்கான்களை மாலுமி முன்கூட்டியே திருப்ப வேண்டும். பக்கக் காற்று பலமானால் இது விபரீதமாகும். 1972 மார்ச் 4-இல் இதே வழித்தடத்தில், ஸவுத்ஸீக்கு அருகில், ஓர் ஊர்தி கவிழ்ந்து ஐவர் இறந்தனர். 1985 மார்ச் 30-இல் டோவர் துறைமுகத்தில் பிரின்ஸஸ் மார்கரெட் என்னும் பெரிய ஊர்தி அலைதடுப்புச் சுவரில் மோதி நால்வர் உயிரிழந்தனர். கார்களையும் ஏற்றிச் சென்ற அந்தக் கால்வாய்ச் சேவை 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் நின்றுபோயிற்று.

அருகிலிருந்த தீவுவாசியான மூதாட்டி, கண் சிகிச்சைக்காகப் போர்ட்ஸ்மத் வந்து திரும்புபவர். முதல் நாள் புயற்காற்றால் சேவை நிறுத்தப்பட்டதாகவும், மருத்துவர் குறித்த நேரம் தவறிப்போய் இன்று மறுபடி வர நேர்ந்ததாகவும் சொன்னார். குறைபட்டுக்கொண்டாரா என்றால், இல்லை. “காற்றடிக்கும்போது ஓட்டாதவர்களை நம்பித்தான் நான் ஏறுகிறேன்” என்றார்.

பத்து நிமிஷத்தில் ரைடு வந்தது. அங்கே கடல் வற்றும்போது மணல் வெகுதூரம் விரிந்துவிடும். கப்பல் அணுக முடியாத அக்கரைக்காக 1814-இல் கட்டிய மரப்பாலம் ஏறக்குறைய 680 மீட்டர் நீண்டு கடலுக்குள் நிற்கிறது. நாங்களோ மணலின் மீதே வந்து ஊர் வாசலில் இறங்கினோம்.

அதே காரணத்தால் நம் மண்டபத்திலும் இந்திய கடலோரக் காவல்படையார் இத்தகைய ஊர்திகளை வைத்திருக்கிறார்கள். பாக் நீரிணையின் ஆழமற்ற நீரும் மணல்திட்டுகளும் கப்பலுக்குப் பகை. காற்று மெத்தைக்கு அவை பொருட்டல்ல. விடுமுறையில் இராமேசுவரம் செல்லும் அன்பர்கள், பாம்பன் பாலத்தை அடையுமுன் கடற்பக்கம் சற்று நோக்கிக்கொண்டே செல்லலாம்.