மஞ்சளுக்கு அடியில் கரி

விழுப்புரத்தில் பணி, அம்மா இருப்பது திண்டிவனத்தில். சனிக்கிழமைதோறும் பேருந்தேறிப் போய் அவரது பழைய அடுக்களையைப் புதுப்பித்தோம். தரையின் சிவப்புக் காவியை மட்டும் தொடவில்லை. விறகடுப்புத் திண்டை இடித்து, அம்மாவின் முழங்கைக்குச் சற்றுக் கீழே நிற்குமாறு கருங்கல் மேடை அமைத்தோம். (கொத்தனார் தம் உயரத்துக்கே அளவெடுக்க முனைந்தார். ஆண்களின் அடுக்களை அறிவு அவ்வளவுதான், நாம் உட்பட.) சுவருக்கு நமக்குப் பிடித்த மாம்பழ மஞ்சள். வெள்ளையே போதும் என்றார் அம்மா, நாம் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் மஞ்சளைத் துளைத்துக்கொண்டு பழுப்புத் திட்டுகள் எழுந்தன. காரையில் ஊறிய விறகுக் கரியை ஈரம் மேலே கொணர்ந்துவிடும். எத்தனை முறை வண்ணம் பூசினாலும் நிற்காது, கொத்தியெடுக்க வேண்டும் என்றார்கள்.

"அங்கதாண்டா அடுப்பு இருந்துது" என்றார் அம்மா.

கூடலூர் கிழாரின் பாடலை, குறுந்தொகை 167, இருபதாண்டுகளாக வகுப்பில் நடத்துகிறோம். தயிர் பிசைந்த விரலைத் துடைத்த ஆடையோடு, தாளிப்புப் புகை கண்ணில் படியச் சமைத்த தலைவி. கணவன் சுவைத்து உண்ண, அவள் முகத்தில் மெல்லிய மகிழ்ச்சி. இல்லறச் சிறப்பு என்று தேர்வுக் குறிப்பும் கொடுத்தோம். புகையைப் புகையாக ஒருநாளும் படித்ததில்லை. வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அம்மாவின் இருமலைப் பனிக்கால இருமல் என்றே நாம் சொல்லிவந்தோம்.

போன சனிக்கிழமை சுவரைக் கொத்தினார்கள். கரித்தூள் பறந்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கொல்லையில் கறிவேப்பிலை பறிக்கப் போய்விட்டார்.