வோண்ட்ஸ்வேத்துத் தவறணையிலே

குடும்பத்தார் எல்லோரும் கூடியிருந்து வாசிக்கின்ற பகுதியிலே தவறணையைப் பற்றியா எழுதுவது என்று எம் வாசகர்களுட் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நாமும் முதலில் தயங்கினவர்கள்தாம். சென்ற வேனிற் காலத்தில் இலண்டன் மாநகருக்குச் சென்றிருந்தபோது, தென்பாகத்திலுள்ள ரூற்றிங்கிலே நெடுங்காலமாக வாழ்ந்துவரும் வடமராட்சி அன்பர் ஒருவர் இல்லத்தில் தங்கினோம். முத்துமாரியம்மன் கோயிலும், முருங்கைக்காயும் கருவாடும் விற்கும் கடைகளும் உள்ள இடம் அது. ஒருநாள் அவர், "எல்லாரும் வந்து அரண்மனையையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் பாத்திட்டுப் போயினம். நீங்கள் எங்கடை அயலிலை இருக்கிற பியர்ச்சாலையை ஒருக்காப் பாக்க வேணும்" என்றார். அவர் மனையாள் அடுக்களையிலிருந்து, "நல்ல இடந்தான் காட்டிறியள்" என்றது எமக்கும் கேட்டது.

கரற் லேன் என்னும் நீண்ட தெருவழியே பஸ் எம்மை வோண்ட்ஸ்வேத்துக்குக் கொண்டு சேர்த்தது. தேம்ஸ் நதியிற் கலக்கும் வோண்டில் என்ற சிற்றாறு அவ்வூரினூடே ஓடுகிறது. ஆற்றின் அருகே, புதிதாக எழுந்த மாடி வீடுகளுக்கிடையில், பழைய செங்கற் கட்டடங்கள் சில நிற்கின்றன. ஆட்டுக்கடாவைச் சின்னமாகக் கொண்டமையால் 'இராம்' சாலை எனப் பெயர் பெற்ற இடம் இதுவே. 1533ஆம் ஆண்டிலேயே இங்கு 'ஏல்' என்னும் மது இருந்தமைக்குப் பதிவு உண்டு. எட்டாம் ஹென்றி மன்னன் அரியணையிலிருந்த காலம் அது. 1831இல் யங் என்பவர் பங்காளி ஒருவருடன் சேர்ந்து இதனை வாங்கினார். அன்றுதொட்டு அவர் சந்ததியார் பெயராலேயே சாலை நடந்தது. அண்டையிலுள்ள மதுச்சாலைகளுக்குப் பீப்பாய்களை ஏற்றிச் செல்லப் பெருங்குதிரைகள் பூட்டிய வண்டிகளை 2006 வரை வைத்திருந்தார்கள் என்றால், அவர்கள் பழமையை எவ்வளவு பேணினார்கள் என்பது விளங்கும்.

அந்த 2006ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே சாலை மூடப்பட்டது. நகரின் நடுவிலே நிலத்தின் விலை ஏறிவிட்டது. பியர் காய்ச்சுவதிலும் வீடு கட்டுவதே இலாபம் என்றாயிற்று. தொழில் பெட்போட் நகருக்குப் போயிற்று. சாலையின் தலைவராயிருந்த முதியவர் ஜோன் யங் அதே மாதத்திலே காலமானார். நாலரை நூற்றாண்டுக்கு மேலாக அடுப்பு எரிந்த இடம் அன்றோடு குளிர்ந்திருக்க வேண்டும்.

ஆனால், குளிரவில்லை. இதைக் காட்டவே அன்பர் எம்மை அழைத்து வந்தார். அச்சாலையில் வேலை பார்த்த ஜோன் ஹாட்ச் என்பவர், ஒரு மூலையிலே மிகச் சிறிய ஏனங்களை வைத்துக்கொண்டு, தொடர்ந்து காய்ச்சி வந்தார். பெரிய கொப்பரைகள் இருந்த இடத்தில், தேநீர் காய்ச்சும் பாத்திரம் போன்றவற்றைக் கொண்டு செய்த வேலை அது. இலாபம் பார்க்கும் அளவும் அன்று. இந்த இடத்திலே தொடர்ச்சி அறக்கூடாது என்பதொன்றே நோக்கம். சுற்றிலும் வீடுகள் இடிய, வீடுகள் எழ, பதினைந்து வருடம் அவ்வாறே சென்றது. 2021இல் சாம்புரூக்ஸ் என்னும் சிறு நிறுவனம் பக்கத்து ஊரான பற்றர்சீயிலிருந்து இங்கே குடிபெயர்ந்து, சாலையும் அதனோடு சேர்ந்த அருந்தகமும் திறந்தது. அக்கம்பக்கத்தார் இன்றும் இதனைப் 'புதுக்கடை' என்றே சொல்கிறார்கள் என்றார் அன்பர். ஐந்நூறு வருடத்துக்குப் பக்கத்தில் அதுவும் சரிதான்.

நாம் எதிர்பார்த்தது இருளும் புகையும் வசையும். கண்டதோ வேறு. நீண்ட வாங்குகளில் மாலை வெயில் விழுந்திருந்தது. கைக்குழந்தையோடு ஒரு தம்பதியர். புதினத்தாளோடு ஒரு கிழவர். அவர் காலடியிலே உறங்கும் நாய். பழைய செப்புக் கொப்பரை ஒன்றும், 1835இலும் 1867இலும் செய்த இரு நீராவி எந்திரங்களும் இங்கே காக்கப்பட்டுள்ளன. 1976 வரை அவை வேலை செய்தனவாம்.

செய்முறை நம் பெண்மணிகளுக்கு அந்நியமானதன்று. பார்லியை நனைத்து, முளைகட்டி, உலர்த்தி எடுத்தால் மோல்ற். குரக்கனை முளைகட்டி மாவாக்குபவர்களுக்கு இதில் வியப்பென்ன? அதனை உடைத்து, ஏறத்தாழ 65 பாகை வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவிட, மாப்பொருள் வெல்லமாக மாறுகிறது. வடித்த இனிப்பு நீரை ஹொப்ஸ் என்னும் கொடியின் பூக்களோடு கொதிக்கவைத்தால் கசப்பும் மணமும் ஏறும். ஆறிய பின் மதுவத்தை இட்டு, 20 பாகை அளவில் சில நாள் நொதிக்க விடுகிறார்கள். சைவ உணவினர் ஒன்றை அறிந்துகொள்ளட்டும்: பீப்பாயிலே ஏலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையைச் சேர்ப்பது பழைய வழக்கம். கேட்டறியாமல் குடித்துவிட்டு வீபூதி பூசுவதிற் பயனில்லை.

நாம் அரைப் பைந்து வாங்கினோம். பனிக்கட்டிபோற் குளிர்ந்திருக்கும் என எண்ணினால், கிணற்று நீரின் குளிர்தான். கைப்பம்பினால் இழுத்து ஊற்றினார்கள், நுரை அதிகமில்லை. நாவில் முதலிற் பாண் கருகிய சுவை, பின் கசப்பு. எமக்கு அரைப் பைந்தே மிகுதியாயிற்று.

நிற்க. எம் நாட்டிலும் நுவரெலியாவின் குளிரிலே 1881இல் தொடங்கிய பியர்ச்சாலை ஒன்று இருந்ததும், மலைநீரைக் கொண்டு அங்கே காய்ச்சியதும் பலருக்கு நினைவிருக்கும். 1998இல் அத்தொழில் பியகமவுக்கு இறங்கிற்று. பியகமவில் பெருகியது உண்மை. ஆயினும் மலையிலே ஒரு மூலையில் ஒரு பானையாவது வைத்திருந்திருக்கலாமே என்று எமக்கு அன்று தோன்றிற்று. இதனை அன்பரிடம் சொன்னோம்.

அவர் விடை சொல்லவில்லை. கிளாசைக் கையிற் சுழற்றியபடி செப்புக் கொப்பரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "அண்ணை, எங்கடை ஐயா சீவல் தொழில் எண்டது உங்களுக்குத் தெரியுந்தானே" என்றார்.

தெரியும். ஆனால் பழகிய இத்தனை வருடத்திலும் அவர் அதனை வாய்விட்டுச் சொல்லக் கேட்டதில்லை.

"விடியவும் பின்னேரமும் ஏறுவார். சுண்ணாம்பு போட்ட முட்டி கருப்பநீருக்கு, போடாதது கள்ளுக்கு. தளநார் அவற்றை காலிலை காய்ச்சுப்போன அடையாளம் சாகுமட்டும் இருந்தது. பள்ளிக்கூடத்திலை அப்பா என்ன தொழில் எண்டு கேட்டால் நான் தோட்டம் எண்டுதான் சொல்லுவன். ஐயா செத்தபிறகு அந்தப் பாளைக்கத்தியை ஆர் எடுத்தது எண்டுகூட நான் கேக்கேல்லை."

நாம் என்ன சொல்வது? அவர் ஐயா இறக்கிய கள்ளை வாங்கிக் குடித்தவர்கள் அவரைத் தம் திண்ணையில் இருத்தினார்களா? பிளாவிலே வார்த்துக் குடிக்கும்போது அவர் கை வேண்டியிருந்தது. குடித்து முடிந்ததும் அவர் முற்றத்தில் நின்றார். இந்த வெள்ளைக்காரர் காய்ச்சுபவன் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். நம்மவர் அதனைச் சொல்லப் பிள்ளைக்கே நாணம் வரும்படி வைத்தார்கள். அந்த நம்மவருள் எம் வீட்டாரும் உண்டு.

கல்லாவில் நின்ற இளைஞன் வெற்றுக் கிளாசுகளை எடுக்க வந்தான். அன்பர் அவனிடம் ஆங்கிலத்திலே, பனையிலிருந்து கள் இறக்கும் விதத்தைச் சொல்லத் தொடங்கினார். பாளையைத் தட்டிப் பதப்படுத்துவது எப்படி, எத்தனை மெல்லிதாகச் சீவுவது, முட்டியை எவ்வாறு கட்டுவது என்றெல்லாம் கையாற் காட்டிக் காட்டிச் சொன்னார். இளைஞன் கிளாசுகளை மேசையில் வைத்துவிட்டு எதிர்வாங்கில் அமர்ந்துவிட்டான். மதுவம் இடாமலே எப்படி நொதிக்கிறது என்று கேட்டான். காற்றிலும் முட்டியிலும் உள்ளதே போதும், காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்துவிடும், ஆதலால் அந்தந்த அயலிலேயே குடித்து முடிக்கவேண்டும் என்று அன்பர் விளக்கினார். "உங்களுக்கு யார் கற்பித்தது?" என்று இளைஞன் கேட்டான். "மை ஃபாதர்" என்றார் அவர்.

பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஊருக்குத் திரும்பியதும் தம் தமக்கையார் வீட்டுக்குப் போய், கோடிப்பக்கத்து அறையிலே பழைய கத்திக்கூடு ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி அன்பர் எம்மிடம் கேட்டுக்கொண்டார்.